41 டிகிரி தாங்குகிறது, 35 டிகிரி ஏன் தாங்கவில்லை?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் கடலூர் முதுநகரில் குடியிருக்கிறோம். போன மே மாதம் விருத்தாசலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே 41 டிகிரி என்றார்கள். வெளியே தலை காட்ட முடியவில்லை, ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்தால் தாங்க முடிந்தது. அண்ணன் வாங்கியிருக்கும் ஏர்கூலரும் ஜில்லென்று இருந்தது. எங்கள் ஊரில் 35, 36தான் காட்டுகிறது. இருந்தும் புழுக்கத்தில் உயிர் போகிறது. நாங்களும் ஏர்கூலர் வாங்கலாமா?

இன்னொரு சந்தேகம். மார்கழியில் இங்கே 21, 22 டிகிரிக்கே என் மாமியாருக்குக் கை கால் சில்லிட்டுப் போகிறது. அவருக்கு 72 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். தலை வழியாகத்தான் உடம்புச் சூடு போகிறது என்று மப்ளரைக் கட்டிக்கொண்டு வெறும் பாயில் படுக்கிறார். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்து கரைக்கு வந்தால் நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆகிறது. வெளிநாட்டில் பனியிலேயே மனிதர்கள் வாழும்போது, இவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி? உடம்பில் ஏதாவது கோளாறா?

— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஏர்கூலருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். அண்ணன் வீட்டில் அது நன்றாக வேலை செய்வதற்கும், உங்கள் வீட்டில் வேலை செய்யாமல் போகப்போவதற்கும், 35 டிகிரியில் நீங்கள் புழுங்குவதற்கும் காரணம் ஒன்றே. அதைப் புரிந்துகொண்டால் மார்கழிக் குளிருக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நம் உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூடச் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிந்தால் எவ்வளவு சூடு வருமோ, ஏறக்குறைய அவ்வளவு. வலை இழுக்கும்போதும் ஐஸ் பெட்டி தூக்கும்போதும் இது 400 வாட் வரைகூடப் போகும். இந்தச் சூடு உடனுக்குடன் வெளியேறியாக வேண்டும். கொஞ்சமும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால், ஓய்வாகப் படுத்திருப்பவருக்குக்கூட ஒரு மணி நேரத்தில் உடல் வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

சூடு வெளியேற நான்கு வழிகள் உண்டு. நம் தோலின் வெப்பநிலை சாதாரணமாக 33, 34 டிகிரி இருக்கும். அதைவிடக் குளிர்ந்த சுவரும் கூரையும் சுற்றி இருந்தால், தொடாமலே கதிர்வீச்சாகச் சூடு அவற்றுக்குப் போகும். தரை, பாய், தண்ணீர் என்று உடம்பு எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதற்குக் கடத்தலாகப் போகும். மேலே படுகிற காற்று கொஞ்சம் வாரிக்கொண்டு போகும். மீதியை வியர்வை ஆவியாகும்போது எடுத்துச் செல்லும். இதமான அறையில் சும்மா இருப்பவருக்குப் பாதிக்கும் மேல் கதிர்வீச்சில்தான் போகிறது, அது நமக்குத் தெரிவதே இல்லை.

கோடையில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. காற்றும் சுவரும் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் முதல் மூன்று வழிகளும் பயன்படாது. சூடு வெளியிலிருந்து நம்மை நோக்கி வர ஆரம்பிக்கும். அப்போது வியர்வை ஒன்றுதான் துணை. அது சாதாரணத் துணையும் இல்லை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துப் போகும். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு மணிக்கு 150 மில்லி ஆவியானாலே போதும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை உடம்பைக் குளிர்விக்கவில்லை, நீரையும் உப்பையும் மட்டும் கொண்டு போயிருக்கிறது.

உங்கள் ஊருக்கும் அண்ணன் ஊருக்கும் வித்தியாசம் இந்த ஆவியாவதில்தான். வியர்த்த தோல் 35 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 40 கிராம் நீராவியைத்தான் தாங்கும். கடலூரில் கடல்காற்று ஏறிய ஒரு மதியம், 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால், அந்தக் காற்று ஏற்கெனவே 26 கிராமைச் சுமந்துகொண்டுதான் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. உங்கள் வியர்வைக்கு மிஞ்சுவது 14 கிராம் இடைவெளி. விருத்தாசலத்தில் 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் காற்றில் இருப்பது 13, 14 கிராம்தான். இடைவெளி 26 கிராம். இந்த இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாக வியர்வை காயும். அங்கே வியர்வை தோலிலேயே காய்ந்து உங்களைக் குளிர்வித்தது. இங்கே காயாமல் சட்டையில் இறங்குகிறது.

இதையே ஒரே எண்ணாகச் சொல்ல ஒரு வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால், துணியிலிருந்து நீர் ஆவியாக ஆவியாக அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். நான் சொன்ன கணக்குப்படி விருத்தாசலத்தில் அது 25 டிகிரியை ஒட்டி நிற்கும், கடலூரில் 29ஐத் தாண்டும். தொலைக்காட்சியில் 41 என்று சிவப்பு எழுத்தில் வருகிற ஊரைவிட, 35 என்று வருகிற உங்கள் ஊரில் உடம்புக்கு வேலை அதிகம். கடலோரத்து மக்களின் வெயிலை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். எண் சின்னதாக இருக்கிறதே என்று வேலை நேரத்தையும் மாற்றுவதில்லை, முதியவர்களையும் கவனிப்பதில்லை.

ஏர்கூலர் செய்வதும் இதே ஈரத்துணி வேலைதான். எவ்வளவு நல்ல கூலரானாலும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே காற்றைக் குளிர்விக்க அதனால் முடியாது. அண்ணன் வீட்டில் 41ஐ 28, 29க்கு இறக்கும். உங்கள் வீட்டில் 35ஐ 31க்கு இறக்கலாம், ஆனால் அறை முழுக்க ஈரத்தை நிரப்பிவிடும். மிச்சமிருக்கும் 14 கிராம் இடைவெளியும் சுருங்கி, ஜன்னலைச் சாத்தியிருந்தால் இறுக்கம் இன்னும் கூடும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மேசை விசிறியும் மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பும் வாங்குங்கள்.

சுண்ணாம்பு ஏன் என்றால், கோடை இரவில் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது பெரும்பாலும் தளம்தான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து, பதினொரு மணி வரை கட்டிலில் படுத்திருப்பவர் மேல் சூட்டை இறைத்துக்கொண்டிருக்கும். கூரை தோலைவிடச் சூடாக இருக்கும்வரை கதிர்வீச்சில் உடம்பிலிருந்து மேல்நோக்கிச் சூடு போக வழியில்லை. வெள்ளையடித்த தளம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தளத்தை ஒட்டித் தேங்கும் சூடான காற்றைச் சீலிங் ஃபேன் கீழே இறக்கும் என்பதால், சாயங்காலத்தில் ஜன்னலை ஒட்டி மேசை விசிறியை வைத்து வெளிக்காற்றை இழுப்பது நல்லது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டித் தேங்கிய ஈரக் காற்றைத் தள்ளிவிட்டு வியர்வையைக் காயவைக்கிறது. கடலோரத்தில் இது பெரிய உதவி. அறை 40 டிகிரியை எட்டினால் மட்டும் விசிறியை நம்பி இருக்கக் கூடாது. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடித்து, கடல்காற்று வராமல் மதியம் தாண்டுகிற நாட்களில் கடலூரிலும் 40ஐத் தாண்டும். அன்று கை, கால், கழுத்தைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே விசிறிக்கு முன் உட்கார வேண்டும்.

அண்ணன் வீட்டாருக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். அங்கே வியர்ப்பதே தெரியாது, காய்ந்துவிடுகிறது. அதனால் எவ்வளவு நீர் போகிறது என்பதும் தெரியாது. சிறுநீர் அடர் மஞ்சளாகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாங்க முடிந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது நிழலில் உட்கார்ந்திருந்ததால். அந்த வெயிலில் நேரடியாக நின்று வேலை செய்பவருக்கு அது தாங்கக்கூடியது இல்லை.

உங்கள் கணவர் விஷயத்தில் எனக்கு மழைக்காலத்தைவிடத் தடைக்காலத்தைப் பற்றித்தான் கவலை அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில்தான் படகைப் பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் நடக்கிறது. கடலில் எப்போதும் காற்றில் நின்று பழகியவர், கத்திரி வெயிலில் காற்றே புகாத படகின் அடிப்பகுதிக்குள் இறங்கி, குனிந்து வேலை பார்க்கிறார். நான் சொன்ன நான்கு வழிகளும் அங்கே ஒன்றுசேர அடைபடுகின்றன. புதிய சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்க ஆரம்பிக்கும், அதிகம் வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். அதுவரை, முதல் வாரத்தில் உள்ளே இறங்கும் வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே ஒருவர் இருந்தால் மேலே ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு குளறினாலோ, சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ, தள்ளாடினாலோ அது வெப்பத் தாக்கு. உடம்பு 40 டிகிரியைத் தாண்டும்போது மூளைதான் முதலில் தடுமாறும். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள், வேலை செய்கிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். துறைமுகத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஐஸ் போட்ட தண்ணீரில் துணியை நனைத்து உடம்பெங்கும் போடலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

சரி, இனி மழைக்கு வருவோம்.

வெளிநாட்டில் பனியில் வாழ்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் பனியில் வாழ்வதில்லை, கனமான உலர்ந்த உடைக்குள்ளும் சூடேற்றிய வீட்டுக்குள்ளும் வாழ்கிறார்கள். துணி இல்லாமல் சும்மா இருக்கும் ஒரு மனித உடம்பு கூடுதல் முயற்சி எதுவும் இல்லாமல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளச் சுற்றிலும் 28, 30 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே போனால் முதலில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அப்புறம் நடுக்கம் வரும். நடுக்கம் என்பது தசைகள் சூடு உண்டாக்கும் வேலை. ஓய்வில் உண்டாவதைப் போல நான்கைந்து மடங்கு சூட்டைக்கூட அதனால் உண்டாக்க முடியும். எனவே ஒரு கைலியும் ஈர பனியனும் போட்டுக்கொண்டு 23 டிகிரி வாடைக் காற்றில் நிற்பவர் நடுங்குவதில் வியப்பே இல்லை. அவர் உடம்பு சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஈரத்தின் கொடுமையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். துணி நம்மைக் கதகதப்பாக வைப்பது அதன் இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றால். காற்று சூட்டை எளிதில் கடத்தாது. தண்ணீரோ காற்றைவிட 25 மடங்கு அதிகமாகக் கடத்தும். நனைந்ததும் அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. கூடவே துணியில் இருக்கும் நீர் ஆவியாகிறது, அதற்கான சூட்டையும் உடம்பிலிருந்தே உறிஞ்சுகிறது. சித்திரையில் வரம் கேட்டும் கிடைக்காத அதே ஆவியாதல் கார்த்திகையில் வேண்டாமலே வந்து நிற்கிறது. படகு ஓடும் வேகத்தில் அடிக்கும் காற்று இரண்டையும் கூட்டிவிடும்.

அதனால் கரைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. மழை விட்டதும் படகிலேயே ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, உலர்ந்ததை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்த ஒரு கைலி, ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு துண்டு போதும். மாற்றுத்துணி இல்லையென்றால், ஈர உடைக்கு மேலேயே காற்றுப் புகாத மழைக்கோட்டையோ பிளாஸ்டிக் தாளையோ சுற்றிக்கொள்ளலாம். துணியில் ஈரம் இருந்தாலும் ஆவியாவது நின்றுவிடும், சூடு போவது பெரிதும் குறையும். குளிருக்கு இதம் என்று சிலர் மது அருந்துகிறார்கள். மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. உள்ளே காக்க வேண்டிய சூடு தோலுக்கு வந்து வெளியே போகிறது. அந்தக் கதகதப்பு உடம்பு சூட்டை இழக்கும் உணர்ச்சி. குளிரில் நனைந்திருப்பவருக்கு நான் கடுமையாகவே சொல்வேன், கூடாது. சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான டீ கொடுங்கள். நடுக்கம் அரை மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது என்றால் பயமில்லை. உலர்த்தி, போர்த்துவதற்கு முன்பே நடுக்கம் தானாக நின்று, பேச்சு குழறி, தூக்கம் சொக்கினால் உடல் வெப்பநிலை 35க்குக் கீழே போயிருக்கக்கூடும். அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை.

புயல் காலத்துக்கும் இது பொருந்தும். 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ‘தானே’ புயல் கரை கடந்தது, 2024 நவம்பர் 30 இரவு ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கடந்தது. நம் கரைக்குப் புயல் வருவது பெரும்பாலும் வாடை அடிக்கும் மாதங்களில்தான். எச்சரிக்கை வந்தால் ஆதார் அட்டையோடு, வீட்டில் உள்ள முதியவருக்கும் குழந்தைக்கும் ஒரு செட் உலர்ந்த துணியையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

இப்போது மாமியார். அவர் கை கால் சில்லிடுவது, நடு உடம்பின் சூட்டைக் காக்க ரத்தக்குழாய்கள் சுருங்குவதால். வயதானால் தசை குறைகிறது, அதனால் உண்டாகும் சூடும் குறைகிறது. நடுக்கமும் பலமாக வருவதில்லை. அவருக்கு 22 டிகிரியில் குளிர்வது கற்பனை அல்ல. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் சிரித்து ஒதுக்கக் கூடாது.

தலை வழியாகத்தான் சூடு போகிறது என்பது சரியில்லை. பெரியவர்களுக்குத் தலை என்பது உடம்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, சூடு போவதும் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான். கைக்குழந்தைக்குத் தலை பெரிது என்பதால் குல்லா அவசியம். மாமியார் மப்ளர் கட்டிக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. அவர் இழக்கும் சூடு பெருமளவு அடியில்தான் போகிறது. சிமென்ட் தரையும் மொசைக்கும் விடியற்காலையில் தோலைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கும். மெல்லிய கோரைப்பாய் அதைத் தடுக்காது. சித்திரையில் இதமாக இருந்த அதே தரை மார்கழியில் இரவு முழுக்க முதுகு வழியாகச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மேலே இரண்டாவது போர்வை போடுவதைவிட, பாய்க்கு மேல் ஒரு ஜமுக்காளமும் மடித்த பழைய போர்வையும் விரித்தால் பலன் அதிகம். கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. மேகமில்லாத மார்கழி இரவில் திறந்த முற்றத்திலோ மாடியிலோ படுக்க வேண்டாம். அப்போது உடம்பு நேரே குளிர்ந்த வானத்தை நோக்கிச் சூட்டை வீசுகிறது. அதே காரணத்தால்தான் அன்று புல்லிலும் பைக் சீட்டிலும் பனி இறங்கியிருக்கிறது.

மார்கழியில் அவர் இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்தால் பயப்படாதீர்கள். தோலின் ரத்தம் உள்ளே ஒதுங்கும்போது சிறுநீரகம் நீரை அதிகம் வெளியேற்றும். இருட்டில் எழுந்து ஈரத் தரையில் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். குளிர்காலத்தில் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும் என்பதால் மார்கழியில் ஒருமுறை பிரஷர் பார்த்துவிடுங்கள். கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவர்களைவிட அவருக்கு மட்டும் அதிகம் குளிர்கிறது என்றால், இந்த இரண்டில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கக்கூடும். இரண்டுக்கும் எளிய சிகிச்சை உண்டு.

அவரை நான் குளிர்காலத்தைவிடக் கோடையில்தான் அதிகம் கவனிப்பேன். இந்த வயதில் வியர்வையும் குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். கேட்காமல் கையில் கொடுத்துவிடுங்கள். மோர், கஞ்சித் தண்ணீர் எதுவானாலும் சரி, பிரஷர் இருப்பதால் உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு ஏதாவது சொல்லியிருந்தால் நாளுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று அவருடைய மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சிலவகை சிறுநீரை அதிகம் பிரித்து உடம்பின் நீரைக் குறைக்கும். சிலவகை இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தி, சூட்டைத் தோலுக்குக் கொண்டுவரும் ரத்த ஓட்டத்தை மட்டுப்படுத்தும். அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கிப் போடும் சில மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடும். எனவே கத்திரி தொடங்கும்வரை காத்திராமல், பங்குனியிலேயே அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று நேராகவே கேளுங்கள். நீங்களாக ஒரு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.